கரண்டு சுமக்கும் சங்கீதா

பொத்தானை அழுத்திவிட்டு, உள்ளங்கையைக் குவித்து நிழல் கட்டிப் பார்க்கிறார் சங்கீதா. வெயிலில் பச்சை விளக்கு தெரியாது. எரிகிறது என்று உறுதியானதும் பேட்டரிப் பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைக்கிறார், தண்ணீர்க் குடம் வைப்பது போலவே.

"கொடம் தேவலைங்க. தீரத் தீர லேசாயிரும். இது நெறஞ்சாலும் காலியானாலும் ஒரே கனம்."

மலைமேல் உள்ள ஆலத்தூர் நாட்டில், மரவள்ளி விளைந்த சரிவைச் சமப்படுத்தி, சுற்றுலா வருபவர்கள் தங்க டிரெய்லர் வண்டிகளை நிறுத்தி முகாம் போட்டிருக்கிறார்கள். வண்டிகளுக்குக் கரண்டு கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவர் வேலை. உள்ளே ஓடும் எதையும் பெயர் சொல்ல மாட்டார். தலை உலர்த்துவது "காத்து ஊதறது". கால் அமுக்கும் மெஷின் "காலப் புடிக்கறது". ஒன்றை மட்டும் சரியாகச் சொல்வார்: நெபுலைசர். அது அவர் வீட்டில் இருக்கிறது. கணவர் யுவராஜுக்கு இளைப்பு. மருந்தை ஆவியாக்கித் தரும் அந்த மெஷினும் கரண்டில்தான் ஓடும்.

போன ஐப்பசி மழையில் கம்பி அறுந்து ஊருக்கே கரண்டு இல்லை. முகாமில் பெட்டிகளுக்குச் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் ஓடியது. யுவராஜ் எழுந்து நடக்க முடியாமல் மூச்சுக்குத் திணறியபோது, சங்கீதா ஓடிவந்து மேலாளர் தமிழ்செல்வன் முன் நின்றார்.

"ஏனுங்க, ஒரு பொட்டிய ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டு வாரேனுங்க. அவருக்கு முடியல."

"எல்லாம் வண்டியில ஓடுதுக்கா. பொறந்தநாள் கேக் வேற பிரிட்ஜ்ல இருக்கு. அவங்க வெட்டி முடிக்கட்டும், எடுத்துக்கங்க."

பெட்டி கைக்கு வந்து, வீடு போய்ச் சேர்ந்தபோது கட்டில் காலியாக இருந்தது. பக்கத்து வீட்டார் யுவராஜை ஜீப்பில் ஏற்றிப் போயிருந்தார்கள். மலைப்பாதையின் வளைவுகள் முடிந்து அடிவாரத்துக் காரவள்ளியில் இறங்கும்போது உயிர் இல்லை.

"புடுங்கிட்டு ஓடியிருக்கோணுமுங்க" என்றார் என்னிடம். "கேட்டுட்டு நின்னேன்."

மகள் அருணா நாமக்கல்லில் நர்சிங் படிக்கிறாள். மிளகுப் பறிப்பு வருடம் முழுக்க இருக்காது. காரியம் முடிந்ததும் முகாமுக்கே திரும்பினார். "இனிமே அவசரம்னா கேக்காமயே எடுத்துக்கங்கக்கா" என்றாராம் தமிழ்செல்வன்.

"யாருக்குங்க?" என்று கேட்டாராம் இவர்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு வண்டியிலிருந்து பெண்குரல் அழைத்தது. அவர்களுடைய நாய்க்கு மூச்சு வாங்குகிறதாம். சங்கீதா போய் மேஜை விசிறியைப் பெட்டியில் செருகினார். பிறகு தரையில் மண்டியிட்டு, காற்று நேராக அதன் மூக்கில் படும்படி மெல்லத் திருப்பி வைத்தார்.