கொட்டாவி விட்ட சாமி

அடியார்களே, ஊர் சனம் என் காலில் விழுந்து கும்பிட்ட நாளில்தான் எனக்கென்று ஒருவருமில்லை என்று தெரிந்துகொண்டேன். சிரிக்காதீர்கள், முழுதும் கேளுங்கள்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருஷம். என் ஊர் பொதட்டூர்பேட்டை. வீட்டுக்காரர் பம்பாய்ப் பக்கம் பவர்லூம் வேலைக்குப் போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. நானும் தறியும்தான். நூல் தூசியில் இருமல் வந்தது. மருந்துக்கடைக்காரர் ஒரு டானிக் கொடுத்தார். இருமல் நின்றது, கூடவே மனசின் பாரமும் மரத்துப்போனது. அதுதான் வினை. இரண்டு ஸ்பூன் குடித்தவள் இரண்டு வருஷத்தில் தினம் இரண்டு பாட்டிலுக்கு வந்துவிட்டேன். பாட்டில்களைத் தறிக்குழியில் ஒளித்தேன். யாரிடம் சொல்வது? பொம்பளை இப்படி என்றால் காறித் துப்ப மாட்டார்களா?

முருகனிடம்தான் அழுதேன். டானிக்கை விடுகிறேன், திருத்தணிக்குக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். ஆடிக் கிருத்திகைக்கு மூன்று நாள் முன்பு மாலை போட்டேன். விரதத்தில் போதை ஆகாதே! அன்றே மிச்சத்தையெல்லாம் சாக்கடையில் கொட்டினேன்.

மறுநாளே மூக்கு ஒழுகியது, கொட்டாவி மேல் கொட்டாவி வந்தது. வயிறு பிடுங்கிக்கொண்டது. உடம்பெல்லாம் மயிர்க்கூச்சு, எலும்புக்குள் குடைச்சல். திருத்தணிப் படியில் காவடியோடு நின்றபோது கைகால் வெடவெடவென்று ஆடின. பம்பைக்காரர் இன்னும் வேகமாக அடித்தார். "சாமி வந்துகினு இருக்குது!" என்று கத்தினார்கள். தண்ணீர் கேட்டேன், கற்பூரம் காட்டினார்கள். என் பாவா, அக்கா வீட்டுக்காரர், கைகட்டி நின்று, "சாமி, என் பொண்ணுக்கு எப்போ கல்யாணம் கூடும்?" என்று என்னையே கேட்கிறார். அட முருகா! அத்தனை கூட்டத்தில் ஒருவர் கண்ணிலும் நான் இல்லை. "யாருக்காவது என்னைக் காட்டுப்பா" என்று உள்ளுக்குள் கதறினேன்.

தரிசனத்துக்கு வந்த ஒரு நர்ஸம்மா கூட்டத்தை விலக்கி வந்து, என் இமையைத் தூக்கிப் பார்த்தார்.

"சாமி வந்தா கொட்டாவி வருமாய்யா? தள்ளிப் போங்க!" என்று பாவாவை அதட்டினார். பிறகு என் காதோரம், "எத்தினி நாளா, இன்னா மருந்தும்மா சாப்ட்டுகினு இருந்தே?" என்றார்.

இரண்டு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி. ஓவென்று அழுதுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார். வலி தாங்காமல் சாமி குத்தமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லம்மா. வலியை ஆத்த மூளையே ஒரு மருந்து சுரக்குதுன்னு இப்போதான் கண்டுபுடிச்சிருக்காங்க. உன் டானிக்குல இருந்தது அபினி வகை. அது அந்த மருந்தோட எடத்துல போய் குந்திக்கும். மூளை அதுக்கே பழகிடும். திடீர்னு நிறுத்தினா, அடங்கிக் கெடந்த நரம்பெல்லாம் ஒண்ணா கூச்சல் போடும். கொஞ்சம் பொறு, மெல்ல வழிக்கு வந்துடும்."

ஒன்பதாம் நாள் தூக்கம் வந்தது. பாவா கட்டிலோரம் நின்று, "என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றார்.

"கேட்டிருக்கலாமே பாவா" என்றேன்.

இன்றும் வீடு காலிதான். மருந்துக்கடையைத் தாண்டும்போது நாக்கு ஊறும், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தொட்டதில்லை. என்னைப் போலத் தனியாக எதையோ ஒளித்துக்கொண்டு கிடப்பவர்களே, என்னைப் போலத் தடாலென்று நிறுத்தாதீர்கள். முருகனிடம் சொல்லுங்கள், ஆளை அனுப்புவான். ஆள் வந்தால் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

ஆடிக் கிருத்திகைக்கெல்லாம் அதே படியோரம் சொம்புத் தண்ணீரோடு நிற்கிறேன். யார் ஆடி வந்தாலும் நான் முதலில் கும்பிடுவதில்லை. முகத்தைப் பார்த்து, "இன்னாம்மா பண்ணுது உனக்கு?" என்றுதான் கேட்கிறேன்.