செவ்வாய்க்கிழமைக் கம்பு

டெலிபோன் எக்சேஞ்சில் என்மீது மூன்றாவது புகார் வந்த வாரத்தில், அப்பா என் ஜாதகத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு ஜோசியர் வீட்டுக்குக் கிளம்பினார். நான் அங்கே ஆபரேட்டர், அப்போது இருபத்துநாலு வயது. புகார் கொடுத்தவர் ஒரு பட்டுக்கடை முதலாளி. பெங்களூருக்கு டிரங்க் கால் பதிந்துவிட்டு, கால் மணிக்கு ஒருமுறை "இன்னாம்மா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எட்டாவது தடவை கேட்டபோது, "நடந்தே கெளம்பியிருந்தா இந்நேரம் தாமல் தாண்டியிருப்பீங்க" என்றேன். சொன்னதில் தப்பில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். எங்கள் சூப்பர்வைசர் அப்படி நினைக்கவில்லை.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் பத்தாவது படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். அப்பாவுக்குச் சாயப்பட்டறை. கொதிக்கிற அண்டாவில் பட்டு நூல் கழிகளைக் கம்பில் மாட்டிப் புரட்டிப் புரட்டிச் சாயம் ஏற்றுவது அவர் வேலை. ஒரு வாரம் கை மஞ்சளாக இருக்கும், மறுவாரம் அரக்கு. அம்மா இருந்தவரை என் கோபத்தை அவள் வாங்கிக்கொண்டாள். பிறகு அது முழுதும் அப்பாவுக்கு வந்தது. வெந்நீர் ஆறிப்போனது, குடையை எங்கோ வைத்தது, கதவைத் தாழ் போடாமல் விட்டது என்று எதிலாவது ஆரம்பிப்பேன். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஆளுக்கு நாலு வார்த்தை சொல்லிவிட்டு நாலு நாள் பேசாமல் இருப்போம். அந்த நாலு நாளும் சாப்பாடு மட்டும் நேரத்துக்கு நடக்கும்.

என் ஜாதகம் எழுதப்பட்ட விதத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தபோது சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் கடிகாரம் இருந்த வீடுகள் குறைவு. வைகாசி கருட சேவையன்று விடியற்காலை, பெருமாள் கோபுரத்தைத் தாண்டி வெளியே வந்ததும் போடுகிற வேட்டுச் சத்தம் கேட்ட நேரத்தில் நான் பிறந்தேன். பெருமாள் வெளியே வருகிற நேரம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த நேரத்தையே பிறந்த நேரம் என்று அப்பா சொன்னார், எழுதியவரும் எழுதிக்கொண்டார். விசாக நட்சத்திரம், நாலாம் பாதம், விருச்சிக ராசி. விசாகத்தில் முதல் மூன்று பாதம் துலா ராசியில் சேரும், கடைசிப் பாதம் மட்டும் விருச்சிகம். நான் விருச்சிகத்தில் விழுந்தேன். என் வாயைக் கேட்டவர்கள் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை.

அப்பா போய்ப் பார்த்த ஜோசியர் பட்டாளத்திலிருந்து வந்தவர். மற்றவர்கள் எள் விளக்கு ஏற்றச் சொல்வார்கள், இவர் வேர்வை சிந்தச் சொல்வார். சாமியை உடம்பால் கும்பிட வேண்டும் என்பது அவர் கட்சி. மேஷ ராசிக்காரர்களுக்குத் தண்டால், கடகத்துக்கு நீச்சல், ரிஷபத்துக்குக் கோயில் நந்தவனத்துக்குத் தண்ணீர் சுமப்பது. துலா ராசிக்கு மட்டும் கையைக் கட்டி உட்காரவைத்துவிடுவார். வெள்ளிக்கிழமை தாயாருக்கு மல்லிகை சாத்திவிட்டு ஒரு மணி நேரம் வாயைத் திறக்காமல் சன்னதியில் உட்கார வேண்டும். எக்சேஞ்சில் என் பக்கத்து நாற்காலிக்காரி துலாம். அவள் அதைச் செய்துகொண்டிருந்தாள். தூங்கிவிடுகிறேன் என்று என்னிடம் சொன்னாள்.

என் ஜாதகத்தைப் பார்த்தவர், "ராசிநாதன் செவ்வா. ஆயுதத்துக்கு அதிபதி அவன்தான். ஆயுதத்த கையில குடுத்துடு, வாயி அதோட ஆயுதத்த தானா கீழ வெச்சிடும்" என்றாராம். நாற்பத்தெட்டு செவ்வாய்க்கிழமை சிலம்பம். குளித்துவிட்டு, இடுப்பில் சிவப்புத் துணி கட்டி, தெற்கே பார்த்து நின்று, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கம்பு எடுக்க வேண்டும். கோபம் வந்தால் அதைக் கம்பின் நுனியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். என் பேருக்கு அப்பா செவ்வாய்க்கிழமைகளில் உப்பில்லாமல் சாப்பிட வேண்டும்.

பெண் பிள்ளைக்குச் சிலம்பமா என்று தெருவில் நாலு பேர் கேட்டிருப்பார்கள். பரிகாரம் என்று சொன்னதும் வாயை மூடிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் அந்த ஒரு வார்த்தை போதும்.

சொல்லிக்கொடுக்க ஐயம்பேட்டை பஸ்ஸின் கண்டக்டர் ஒருவர் கிடைத்தார். என்னைவிட ஒரு வயது சின்னவர், செவ்வாய்க்கிழமை மத்தியானத்தோடு வேலை முடிந்துவிடும். இடம் ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணல். நாலு மணிக்கு நானும் அப்பாவும் நடந்தே போவோம். கண்டக்டருக்குப் பஸ் பாஷை தவிர வேறு பாஷை வராது. கம்பைச் சுற்றத் தொடங்க "ரைட்", நிறுத்த "ஓல்டான்". கம்பையே பார்த்துக்கொண்டு நான் தடுமாறினால், "காலப் பாரும்மா, கம்பு தானா வரும்" என்பார். மூன்று வாரம் காலடி மட்டும்தான். எரிச்சலில் ஒருநாள் கம்பை மணலில் வீசினேன். அவர் அதை எடுத்துத் துடைத்து, என் கையில் கொடுத்துவிட்டு "ரைட்" என்றார்.

எதிர்த்து நின்று விளையாடும் கட்டம் வந்தபோது கண்டக்டர் பின்வாங்கினார். கல்யாணம் ஆகாத பெண்மேல் கம்பு ஓங்கினால் நாளைக்குப் பஸ்ஸில் தலைகாட்ட முடியாது என்றார். மணலில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தார். "நீங்க எழுந்து வாங்கய்யா."

அப்பா பதறிப்போனார். தனக்கு ரிஷப ராசி, தண்ணீர்தான் சுமக்கலாம், கம்பு எடுக்கலாமா என்று தெரியாது என்றார். அந்த வாரமே ஜோசியரிடம் கேட்டுவிட்டு வந்தார். "எதிராளிக்கு ராசி தேவயில்லன்னு சொல்லிட்டாரும்மா" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஐம்பத்திரண்டு வயது மனிதருக்கு இது வராது என்று நினைத்தேன். வந்தது. வருஷக்கணக்காக ஈர நூல் கழிகளை முறுக்கிப் பிழிந்த மணிக்கட்டு அவருக்கு. நான் ஒரு மாதம் பழகிய திருப்பத்தை அவர் இரண்டாவது வாரத்தில் போட்டார். என் கம்பைத் தட்டிவிட்டு, "சூடு போதல" என்றார். அது பட்டறையில் அண்டாவைப் பார்த்து அவர் சொல்கிற வார்த்தை. நான் சிரித்துவிட்டேன். அவரோடு சேர்ந்து கடைசியாக எப்போது சிரித்தேன் என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை.

பக்தி எனக்கு எப்போதும் கொஞ்சம் குறைவு. சன்னதியில் கண்ணை மூடினால் எக்சேஞ்சின் பலகையும் விளக்குகளும்தான் தெரியும். ஆனால் கம்பு ஒரு வேகத்துக்கு வந்தபிறகு, முப்பது நாற்பது சுற்றுக்கு அப்புறம், தலைக்குள் எதுவும் இருக்காது. காற்று கிழிகிற சத்தம் மட்டும் இருக்கும். நிறுத்தியபிறகும் கொஞ்ச நேரம் அது அப்படியே நிற்கும். கும்பிட்டால் கிடைக்கும் என்று மற்றவர்கள் சொல்கிற அமைதி இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எக்சேஞ்சில் நாலாவது புகார் வரவில்லை. நாற்பத்தெட்டு செவ்வாய் முடிந்தபோது அப்பா, "இன்னொரு சுத்து போவட்டும்மா, நல்லதுதான்" என்றார். நான் மறுக்கவில்லை.

இரண்டாவது சுற்று நடக்கும்போது கருட சேவை வந்தது. அந்த வருஷம் விடியற்காலையில் மழை மிரட்டிக்கொண்டிருந்தது. அதனால் பெருமாளை ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுந்தருளப் பண்ணிவிட்டார்கள். பெருமாளுக்குக் குடை பிடிக்கிறவர்களில் ஒருவர் அப்பாவின் பள்ளிக்கூடச் சிநேகிதர். சேவை முடிந்து திரும்பும்போது தெருமுனையில் என்னைப் பார்த்து நின்றார்.

"நீ பொறந்த வருசமும் இப்பிடித்தாம்மா. மழைக்கு பயந்து சீக்கிரமே வந்துட்டாரு. நான் குடை புடிக்கணும், வூட்டுல தூங்கிக்கினு இருக்கறேன். வேட்டு சத்தம் கேட்டு ஓடியாந்தேன். உங்கப்பா வாசல்ல நின்னுக்கினு, பொண்ணு பொறந்துருக்குதுன்னு சொன்னாரு. அதான் மறக்கல."

வீட்டுக்கு வந்து, டிரங்குப்பெட்டியில் ஜாதகத்தோடு இருந்த, நான் பிறந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தை எடுத்தேன். நட்சத்திரம் முடிகிற நாழிகையைக் கொண்டு பாதத்தைக் கணக்கிடலாம். டிரங்க் கால்களை மூன்று மூன்று நிமிஷமாகக் கணக்கிட்டுப் பழகியவளுக்கு அது பெரிய வேலை இல்லை. அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அரக்குச் சாயத்தில் ஒரு விரல் தடம் இருந்தது. சாயம் படாத காகிதமே எங்கள் வீட்டில் கிடையாது, அதனால் நான் அதைக் கவனித்ததோடு சரி. இரண்டு முறை கணக்குப் போட்டேன். ஒரு மணி நேரம் முன்னால் என்றால் மூன்றாம் பாதம். நான் விருச்சிகம் இல்லை, துலாம்.

பயம்தான் வந்தது, வேறொன்றும் இல்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே ஜோசியரிடம் ஓடுவார். அடுத்த வெள்ளிக்கிழமை நான் மல்லிகைப் பூவோடு என் பக்கத்து நாற்காலிக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்து தூங்க வேண்டும். வேறு ராசிக்கு எழுதிக்கொடுத்த மருந்து எனக்கு எப்படிக் கேட்டது என்று யோசித்தேன். எப்படியோ கேட்டுவிட்டது, போகட்டும் என்று விட்டுவிட்டேன். கம்பை மட்டும் விடுவதாக இல்லை. பஞ்சாங்கத்தைப் பெட்டியின் அடியில் வைத்துப் பூட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் அப்பா உப்பில்லாமல் சாப்பிடுவதைப் பரிமாறுகிறவள் நான்தான். அதுவரை அது என் கண்ணில் பட்டதில்லை, அதற்குப் பிறகு பட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு செவ்வாயும் மத்தியானம் அந்தச் சப்பென்ற குழம்பைப் பிசைந்து, எனக்குச் சம்பந்தமே இல்லாத கிரகத்துக்காக விழுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. இருந்தும் மூன்று மாதம் சும்மா இருந்தேன்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை. கல்யாண முகூர்த்தங்கள் நெருக்கமாக இருந்ததால் பட்டறையில் வேலை அதிகம். காலையிலிருந்து மூன்று அண்டாக்களின் சூட்டில் நின்றுவிட்டு, அந்த உப்பில்லாச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, அப்பா என்னோடு ஆற்றுக்கு வந்தார். நாலைந்து வீச்சுதான் போயிருக்கும். நான் ஓங்கிய கம்பைத் தடுக்க அவர் கம்பு மேலே வரவில்லை. என் கம்பை எப்படியோ திருப்பிக்கொண்டேன். அவர் அப்படியே மணலில் உட்கார்ந்து சாய்ந்தார்.

கண்டக்டர் அவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். "இவ்வளவு வேர்வ உட்டுட்டு உப்பில்லாம சாப்ட்டா வேற இன்னா ஆவும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, இளநீர் வாங்கிவர சைக்கிளில் போனார்.

அப்பா கண்ணைத் திறந்து, ஒன்றுமில்லை என்று கையைக் காட்டினார். அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கம்பு போனால் போகட்டும் என்று அப்போதுதான் என்னால் நினைக்க முடிந்தது.

"இனிமே உப்பு போட்டு சாப்புடுப்பா. எனக்கு செவ்வாயும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் விருச்சிகமே இல்ல, துலாம். நான் பொறந்த வருசம் பெருமாள் சீக்கிரம் வந்துட்டாராம். குடைக்காரரு சொன்னாரு. மூணு மாசமா உங்கிட்ட மறைச்சிட்டேன்."

அப்பா கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தெரியும்மா" என்றார். "அவன் உங்கிட்ட மட்டுமா சொன்னான்? நான் கம்பு எடுத்த புதுசுல எங்கிட்டயும் சொன்னான். பஞ்சாங்கத்த எடுத்துப் பாத்தேன்."

அந்தச் சாய விரல் தடம் என் கண்முன்னே வந்தது. ஒன்றரை வருஷம். நான் மறைத்ததைப்போல ஆறு மடங்கு காலம் இந்த மனிதர் மறைத்திருக்கிறார்.

"ஏம்ப்பா சொல்லல?"

"செவ்வாக்கெழம ஒரு நாளுதாம்மா நீ எங்கூட சண்ட போடாம இருக்கற. அதப் போயி திருத்துவாங்களா?"

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அழுதேன். அவர் அதைப் பார்க்கக்கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு, "அப்ப உப்பு எதுக்கு உட்ட?" என்று கேட்டேன். குரல் சண்டைக் குரலாகத்தான் வந்தது.

"மொதல்ல உனக்காவ உட்டேன். அப்புறம், சாமி பேரச் சொல்லி பொய் சொல்லிக்கினு இருக்கறமே, அதுக்காவ."

கண்டக்டர் இளநீரோடு வந்தார். அப்பா இரண்டு காய் குடித்தார். அன்றைக்குப் பஸ்ஸில் திரும்பினோம்.

அடுத்த செவ்வாய்க்கிழமை குழம்பில் அளவாக உப்புப் போட்டேன். அப்பா முதல் கவளத்தை வாயில் வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் அப்பளம் வைத்தேன். இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டு முடித்தார். கையைக் கழுவித் துடைத்து, மூலையில் சாத்தியிருந்த இரண்டு கம்புகளையும் எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

"நேரமாவுது, வாம்மா" என்றார்.