ஒன்று மாட்ட, ஒன்று அறுக்க

கவுண்டரில் என்னைப் பார்த்துவிட்டு, "ஆம்பள ஆள் யாரும் இல்லையா?" என்று கேட்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. ராமநாதபுரத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலைக்காலம் முழுவதும் கவுண்டரில் நின்றவள் நான். பெயர் வள்ளிமயில். "இருக்காரு, டீ குடிக்கப் போயிருக்காரு. ஆனா பிஸ்டன் ரிங் சைஸ் எனக்குத்தான் தெரியும். வேணுமா, வேணாமா?" என்பேன். உள்ளே முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

முனீஸ் அப்படிக் கேட்கவில்லை. வந்தான், ஒரு பழைய ஆயில் பில்டரைக் கவுண்டரில் வைத்தான். "அக்கா, இதுக்குப் பதிலா எதெது பொருந்துமோ எல்லாத்திலயும் ரெண்டு ரெண்டு குடுங்க. ஒண்ணு மாட்ட, ஒண்ணு அறுக்க" என்றான்.

நான் பில்டரை விட்டு அவனைப் பார்த்தேன். உள்ளேயிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார். "ஏப்பா, சாமானு என்ன ஆட்டுக்கறியா, அறுத்துப் பாத்து வாங்க?"

"உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எப்படி முதலாளி மாட்டுறது?"

நியாயமான கேள்வி. எத்தனையோ பேருக்குப் பில்டர் விற்றிருக்கிறேன், ஒருத்தரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. அந்த இடத்திலேயே அவனை எனக்குப் பிடித்துப் போயிற்று.

மூஞ்சி பார்ப்பது

இப்போது கவுண்டரில் நிற்கும் பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

எங்கள் பக்கம் ஆயில் பில்டரை 'மூஞ்சி பார்த்து' வாங்குவார்கள். பழையதையும் புதியதையும் எதிரும் புதிருமாக ஒட்டி வைப்பது. ரப்பர் வளையம் ஒரே வட்டமா? திருகு மரை ஏறுகிறதா? சரி, பேப்பரில் சுற்று. டிராக்டருக்கும் டவுன் பஸ்ஸுக்கும் அது போதும். முனீஸின் வண்டிக்குப் போதாது.

முனீஸ் கமுதிப் பக்கத்துக்காரன். மிளகாய் வெள்ளாமைக் குடும்பம். ரெண்டு கதவு வைத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி, எஞ்சினைத் தன் கையாலேயே பிரித்து டியூன் பண்ணியிருந்தான். கேம் ஷாஃப்ட் வேறு, ஆயில் பம்ப் பெரியது, எக்ஸாஸ்ட் பைப் புதியது. அந்த எக்ஸாஸ்ட் பைப்புதான் தலைவலி. கம்பெனி பில்டர் இருக்கும் இடத்தில் அது வந்து இடித்தது. உயரம் குறைவான மாற்று பில்டர் வேண்டும்.

இது பொழுதுபோக்கு என்றால் நானும் இரண்டு பில்டரைக் கொடுத்து அனுப்பியிருப்பேன். அவனுக்கு இது பிழைப்பு. கோயம்புத்தூரில் ஒரு ரேஸ் டீம் அவனிடம் சொல்லியிருந்தது: "நீ கோத்த எஞ்சின் ஒரு ரேஸ முழுசா ஓடி முடிக்கட்டும். ஜெயிக்க வேணாம், முடிச்சாப் போதும். எங்க ஒர்க்‌ஷாப்புல எஞ்சின் கோக்குற வேலை உனக்கு." வரப்போகிற ஞாயிற்றுக்கிழமை ரேஸ். இருப்பது ஒரே எஞ்சின். அது நின்றால் மறுபடி மிளகாய்க் காடுதான்.

"மிளகாக் காடு கேவலமில்லக்கா. ஆனா எனக்குக் காட்டுக்குள்ள நின்னாலும் காதுல எஞ்சின்தான் ஓடுது" என்றான்.

நான்கு வகையை எடுத்து வைத்தேன். முதலாவது படகு எஞ்சினுக்குப் போடும் பெரிய டப்பா. அதை எடுக்கும்போதே, மண்டபத்தில் படகு மெக்கானிக்காக இருக்கும் அந்தோணி அண்ணன் கடைக்குள் வந்தார். "கடல்ல நிக்காம ஓடுறது ரோட்டுல ஓடாதாக்கும்? இதப் போடுலே" என்றார். எங்கள் கரையில் எதற்கும் இதுதான் சான்றிதழ், கடலுக்குப் போய் வந்ததா என்பது. ஆனால் டப்பா அரை முழ உயரம், எக்ஸாஸ்ட் பைப்பின் மடியிலேயே போய் உட்காரும். அது வேண்டாம் என்றான்.

இரண்டாவது, சிவப்புப் பெயின்ட் அடித்து 'ரேசிங்' என்று எழுதியது. பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருக்கும். மரையில் ஏற்றிப் பார்த்தால் லேசாக ஆடுகிறது. இஞ்சு மரையும் மில்லிமீட்டர் மரையும் அண்ணன் தம்பி மாதிரி ஒன்றுபோலவே இருக்கும், ஏறவும் ஏறும். பிரஷர் வந்ததும் ஒருநாள் பிய்த்துக்கொண்டு போகும். சூடான எண்ணெய் எக்ஸாஸ்டில் கொட்டினால் கார் மட்டுமா எரியும்? "இதைத் தொடாதே" என்று நானே பிடுங்கி உள்ளே வைத்தேன்.

மூன்றாவது, சின்னக் காருக்கு வரும் குட்டை பில்டர். மரை சரி, வளையம் சரி, உயரம் அச்சு வார்த்த மாதிரி. நான்காவது, மினி டிரக்குக்கு வருவது. டீசல் வண்டிச் சாமான், குட்டைதான், கொஞ்சம் குண்டு.

மூன்றாவதுக்கே எல்லாரும் கை காட்டினோம், நான், முதலாளி, அந்தோணி அண்ணன் எல்லாரும். முனீஸ் அதிலும் ஒன்றை அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்ட எடுத்துப் போனான். அறுப்பதற்குக்கூட ரம்பம் வைக்கவில்லை. ரம்பத்தூள் உள்ளே விழுந்தால் எது எஞ்சின் அழுக்கு, எது ரம்ப அழுக்கு என்று தெரியாதாம். சக்கரம் வைத்த கட்டரால், பால் டின் திறப்பது போல ஓரமாகச் சுற்றித் திறந்தான்.

சுத்தமாக இருந்த பேப்பர்

செவ்வாய்க்கிழமை மறுபடி வந்தான். தன் ஷெட்டில் எஞ்சினை நன்றாக முறுக்கி ஓட்டி, பில்டரைக் கழற்றி அறுத்து, உள்ளே இருந்த மடிப்புப் பேப்பரை வெள்ளைத் துணியில் விரித்து எடுத்து வந்திருந்தான்.

பேப்பர் பளிச்சென்று இருந்தது. அன்றும் கடைக்கு வந்திருந்த அந்தோணி அண்ணன் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். படகு மெக்கானிக்குகளுக்கு இது ஒரு வழக்கம். சர்வீஸ் முடிந்ததும் பில்டர் பேப்பரைப் பிரித்து ஓனரிடம் காட்டுவார்கள். பேப்பர் சுத்தம் என்றால் எஞ்சின் சுகம், தைரியமாகக் கடலுக்குப் போகலாம்.

"ஏலே, கையக் குடுறா! என்னா வேலை பாத்திருக்க. கண்ணாடி மாதிரில்ல இருக்கு" என்று முதுகில் தட்டினார். முதலாளி டீ சொன்னார். எனக்கும் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

முனீஸ் டீயைத் தொடவில்லை. முகம் தொங்கிப்போயிருந்தது.

"அக்கா, எங்கூர் மில்லுல மிளகாத்தூள் சலிக்கிறாங்க. சலிச்சு முடிச்சும் சல்லடை இம்புட்டுச் சுத்தமா இருந்தா என்ன அர்த்தம்?"

"தூள் நல்லா அரைஞ்சிருக்குன்னு அர்த்தம்" என்றார் முதலாளி.

"இல்ல முதலாளி. சல்லடை வழியா தூளே போகலன்னு அர்த்தம். இது புதுசாக் கோத்த எஞ்சின். மொத ஓட்டத்துல ஒண்ணோட ஒண்ணு உரசி கொஞ்சமாச்சும் இரும்புப் பொடி வரணும். அந்தப் பொடி எங்க?"

 அந்தோணி அண்ணன் கையில் இருந்த பேப்பரை மெதுவாகக் கீழே வைத்தார். படகு எஞ்சின் ஒரே சீராக, மெதுவாக ஓடுவது. அங்கே சுத்தமான பேப்பர் உண்மையைத்தான் சொல்லும். இங்கே அதே பேப்பர் பொய் சொல்லியிருக்கிறது.

இந்த மாதிரி பில்டர்களுக்குள் ஒரு ஸ்பிரிங் வால்வு உண்டு, பைபாஸ் என்போம். எண்ணெய் பேப்பரைத் தாண்டிப் போகத் திணறினால் அது திறந்துகொள்ளும். அழுக்கு எண்ணெயாவது போகட்டும், எஞ்சின் பட்டினி கிடக்க வேண்டாம் என்கிற ஏற்பாடு. முனீஸ் போட்டிருந்தது பெரிய ஆயில் பம்ப், கெட்டி எண்ணெய். சின்னக் காரின் மெல்லிய ஸ்பிரிங் அந்தத் தள்ளலுக்கு எப்போதும் வாயைப் பிளந்துகொண்டே இருந்திருக்கிறது. வடிகட்டி இருக்கிறது, வடிகட்டவில்லை.

நட்டு போல்ட் நிறுக்கும் எங்கள் எலக்ட்ரானிக் தராசைக் கேட்டான். மினி டிரக் பில்டர் ஒன்றையும் அறுத்து, இரண்டின் வால்வையும் தனித்தனியே தராசில் வைத்து, ஒரு குச்சியால் ஸ்பிரிங்கை அழுத்தி, எந்த எடையில் திறக்கிறது என்று பார்த்தான். சின்னக் கார் பில்டர் தொட்டதும் திறந்தது. மினி டிரக் பில்டருக்குக் கிட்டத்தட்ட இரண்டு பங்கு அழுத்தம் வேண்டியிருந்தது. பேப்பரும் அதில் நீளம், எண்ணெய் திணறாது. எஞ்சின் நின்றதும் எண்ணெய் பின்னால் வடிந்துவிடாமல் தடுக்கும் ரப்பரும் சூடு தாங்கும் ரகம்.

"பால் டப்பாவும் வாழைத்தாரும் ஏத்துற வண்டி பில்டரு ரேஸ் காருக்கா?" என்று முதலாளி சிரித்தார்.

"அது ஏத்துற சுமை அதுக்குத்தான முதலாளி தெரியும்" என்று நான் எடுத்துக் கொடுத்தேன்.

மினுங்கியது

வியாழக்கிழமை மத்தியானம் போன் வந்தது. "அக்கா, மினுங்குது."

முதலாளியிடம் சொல்லிவிட்டுக் கமுதி பஸ் ஏறினேன். ஊர் முக்கில் இறங்கினால் என் தலைக்கு மேலே முனீஸ் நிற்கிறான், கறுப்புக் கண்ணாடி போட்டு, ஆளுயரத்துக்கு இரண்டு மடங்காக. 'ரேஸில் சீறப்போகும் எங்கள் சிங்கமே!' கீழே இருபது முப்பது பையன்களின் பாஸ்போர்ட் போட்டோ. நம்மூரில் பிள்ளை பிறக்கும் முன்பே பிளெக்ஸ் வைத்துவிடுவார்கள்.

ஷெட்டில் நிஜ முனீஸ் தரையில் குந்தியிருந்தான். மினி டிரக் பில்டரின் பேப்பர் துணிமேல் கிடந்தது. அதில் கறுப்பு இருந்தது, இரும்புப் பொடி இருந்தது, அதெல்லாம் இருக்க வேண்டியதுதான். நடுவில் செம்பு நிறத்தில் பொட்டுப் பொட்டாக மினுங்கியது. காந்தத்தை வைத்துப் பார்த்தான், ஒட்டவில்லை. பேரிங். மேல்பூச்சு தேய்ந்து உள்ளே இருக்கும் செம்பு வர ஆரம்பித்துவிட்டது.

அவனுடைய அப்பா, எங்கள் பக்கப் பேச்சில் அய்யா, ஓரமாக நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு, கையில் மிளகாய் நெடி. "ஓடுதுல்ல? அப்புறம் என்னலே? ஊரே போர்டு வச்சிருக்கு. போகாம நின்னா வாய்க்கு வந்தபடி பேசுவாங்க. ஓட்டிட்டு வா, ஆனது ஆகட்டும்" என்றார்.

எனக்கும் மனசுக்குள் அதே ஆசைதான். ஒரு ரேஸ்தானே, தாங்கிவிடாதா என்று வாய் வரை வந்தது.

"தாங்கலாம் அய்யா. தாங்காமயும் போகலாம். நடுவுல ராடு ஒடைஞ்சு எண்ணெயக் கொட்டுச்சுன்னா பின்னால வாரவன் வழுக்குவான். அவனுக்கும் ஒரு அய்யா இருப்பாருல்ல?" என்றான் முனீஸ்.

 அய்யா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். முனீஸ் பாத்திரம் வைத்து எண்ணெயை வடித்தான், எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப்பைக் கழற்றினான். மூன்றாவது கனெக்டிங் ராடின் பேரிங்கை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். பாதி வெள்ளை, பாதி செம்பு. எண்ணெய் போகும் துளையில் கடுகளவு பழைய உலோகப் பிசிறு ஒன்று அடைத்திருந்தது. பேரிங் பிடித்திருக்கும் கிராங்க் ஷாஃப்ட்டுக்கு இன்னும் காயம் இல்லை. அந்த பேரிங் எங்கள் பக்கம் எங்கும் கிடைக்காது, வெளியிலிருந்து வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ரேஸ் இல்லை என்று முடிவாயிற்று.

அவன் அழுதான். நானும் அழுதேன், வெட்கம் என்ன இதில். ஆனால் அழுதுகொண்டே அந்தத் துளையை ஊசியால் சுத்தம் பண்ணிக்கொண்டிருந்தான் பாருங்கள், அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

டிபன் பாக்ஸ்

சனிக்கிழமை அவன் காரில்லாமல் கோயம்புத்தூர் போனான், பஸ்ஸில். கையில் ஒரு டிபன் பாக்ஸ். அங்கே நடந்ததைப் போனில் அவனே சொன்னான்.

"டீம் மேனேஜர் 'வண்டி எங்கப்பா?'ன்னாரு. கமுதியில சார்ன்னேன். 'அப்ப என்னத்தக் கொண்டாந்த?'ன்னாரு. டிபன் பாக்ஸத் தொறந்தேன்க்கா. சாப்பாடுன்னு நெனச்சுட்டாரு."

உள்ளே இரண்டு பேப்பர், ஒரு பேரிங். சுத்தமான பேப்பரையும் மினுங்கும் பேப்பரையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்திருக்கிறான். எதை மாட்டினேன், ஏன் கழற்றினேன், தராசில் என்ன பார்த்தேன் என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறான். அந்த மேனேஜர் மினுங்கும் பேப்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். பிறகு அதை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ரேஸ் முடியட்டும். திங்கக்கிழமை வேலைக்கு வந்துரு" என்றாராம்.

நான் போனை வைத்துவிட்டுக் கடை அதிரக் கத்தினேன். முதலாளி பயந்தே போனார்.

அடுத்த முறை கமுதி போனபோது முக்கில் பிளெக்ஸ் இல்லை. அவன் அய்யா அதைக் கழற்றி, களத்தில் விரித்து, மேலே மிளகாய் காயப்போட்டிருந்தார். வத்தலுக்கு நடுவே கறுப்புக் கண்ணாடி மட்டும் தெரிந்தது. "வேலை கெடச்சிருச்சுல்ல, இனிமே போர்டு எதுக்கு? நல்ல கெட்டித் துணி" என்றார். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

கவுண்டர் பிள்ளைகளே, நான் கற்றது இதுதான். மரையும் வளையமும் பொருந்துவது பாதி வேலை. அந்த எஞ்சின் எவ்வளவு தள்ளுகிறது, இந்த பில்டர் எவ்வளவு தாங்குகிறது என்பது மீதி வேலை. நல்ல செய்தி மட்டுமே சொல்கிற பில்டரை நம்பாதீர்கள். கழற்றியதைத் தூக்கி எறியும் முன் அறுத்துப் பாருங்கள்.

நான் வேலையை விட்டு நின்ற பிறகு ஒருநாள் முனீஸ் கூப்பிட்டான். "அக்கா, கடையில சொல்லி அந்த மினி டிரக் பில்டர் கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்க."

"ஏன்டா, அம்புட்டுப் பெரிய ரேஸ் டீமு. அங்கன நல்ல பில்டரு இல்லையா?"

"வெளிநாட்டுச் சாமானே வருதுக்கா. பெட்டியே அம்புட்டு அழகா இருக்கும்."

"அப்புறம் என்ன?"

"அறுத்துப் பாத்துட்டேன்."