மூலையில் தடவிய மஞ்சள்

என் மனைவி சாருலதாவோடு கடைக்குப் போவது ஒரு தண்டனை. ஏ.எஸ்.ராவ் நகர் மெயின் ரோட்டில் ஒரு பெயர்ப்பலகையையும் அவள் சும்மா விடமாட்டாள். "எழுத்தப் பாருங்க, மூச்சு விட இடம் இல்லாம நெருக்கி வச்சிருக்கான்" என்பாள். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன் திருப்பித் திருப்பிப் பார்த்து, பச்சை மங்கிவிட்டது என்று அச்சடித்தவனைத் திட்டுவாள். எனக்கோ பசி உயிர் போகும்.

தொழில் அப்படி. படிப்பு முடிந்ததும் சிகந்திராபாத்தில் ஒரு விளம்பரக் கம்பெனியில் டிசைனராகச் சேர்ந்தாள். அவள் வரைந்தது எதுவும் வரைந்தபடி வெளியே போனதில்லை. லோகோவைப் பெரிசாக்கு என்பார்கள். காலியாக இருக்கும் இடத்தில் முதலாளியின் அப்பா படத்தைப் போடு என்பார்கள். விற்பனைக்குப் போகிறவர்கள் கஸ்டமர் கேட்டதற்கெல்லாம் மண்டையை ஆட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள், அதுதான் வினை என்று கண்டுபிடித்து, சண்டை போட்டு விற்பனைப் பிரிவுக்கே மாறினாள். "நானே போய்ப் பேசிக்கிறேன்" என்றாள்.

பேசினாள். தமிழ், தெலுங்கு, ஹிந்தி மூன்றிலும் பேசி ஆர்டர்களை அள்ளிக்கொண்டு வந்தாள். இப்போது அச்சகம் காலை வாரியது. நீலம் கேட்டால் ஊதா வந்தது. தீபாவளிக்குக் கேட்ட பெட்டி தீபாவளி கழிந்து வந்தது. ஏச்சு வாங்கி வாங்கி வெறுத்துப்போய், நாச்சாரத்தில் அட்டைப்பெட்டி அடிக்கும் ஒரு தொழிற்சாலையில் புரொடக்‌ஷன் மேனேஜராகப் போய் உட்கார்ந்தாள். அங்கே போனபின் யார் மேல் கோபம் என்று நினைக்கிறீர்கள்? டிசைனர்கள் மேல். கஸ்டமர் கையெழுத்துப் போட்ட பிறகும் எதையாவது நகர்த்திவிடுகிறார்களாம். சேர்ந்த சூட்டோடு மெஷின் பக்கத்தில் ஒரு போர்டு மாட்டினாள்: 'கையெழுத்தான தாளில் இருப்பதே இறுதி. எதையும் சேர்க்காதே, எடுக்காதே, ஏன் என்று கேட்காதே.'

மூன்று நாற்காலியிலும் உட்கார்ந்தாயிற்று. ஆனால் ஒரு ஆசை மட்டும் அவளை விடவில்லை. தான் வரைந்த ஒன்றாவது வரைந்தபடியே அச்சாகி ஒரு கடையில் நிற்கவேண்டும். ஒன்று போதும் என்பாள். கேட்கும்போது எனக்கே பாவமாக இருக்கும்.

சென்ற வருடம் அந்த வாய்ப்பு ஜலஜா மாமி உருவில் வந்தது. குஷாய்குடாவில் இருக்கிறார், எங்களுக்குப் பழைய பழக்கம். கணவர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு மாமி பருப்புப்பொடி வியாபாரம் ஆரம்பித்திருந்தார். "பெட்டிக்கு நீயே டிசைன் போட்டுக் குடுத்துடு சாரு. எனக்கு வேற யாரைத் தெரியும்?" என்றார்.

சாரு எங்கள் சாப்பாட்டு மேஜையிலேயே உட்கார்ந்து வரைந்தாள். வெள்ளைப் பெட்டி. நடுவில் பெயர். அதன் கீழே ஒரே ஒரு துவரம்பருப்பு. மற்றதெல்லாம் வெறும் வெள்ளை. மாமி கோபுரம் கேட்பார், இல்லாவிட்டால் தன் போட்டோவைப் போடச் சொல்வார் என்று பயந்துகொண்டே காட்டினாள். மாமி எதுவும் கேட்கவில்லை. "நன்னாருக்கு" என்றதோடு சரி. அன்று சாரு சமையலறையில் பாடினாள். அவள் பாடுவாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

மாதிரித் தாள் மாமியின் கையெழுத்தோடு அவள் தொழிற்சாலைக்கு வந்த வாரம் அவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். தேறி வேலைக்குப் போன அன்று நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். அச்சான பெட்டிகளைக் காட்ட என்னையும் உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். ஒன்றைக் கையில் எடுத்தாள். மேல் மூலையில் மஞ்சளாக ஒரு தீற்றல், அதன் நடுவில் சிவப்புப் பொட்டு. அடுத்ததை எடுத்தாள். அதிலும் அப்படியே. ஐயாயிரம் பெட்டியிலும் அப்படியே.

நடந்தது இதுதான். புதுத்துணிக்கு வைப்பதுபோல, மாமி அந்த மாதிரித் தாளின் மூலையில் மஞ்சளைத் தடவி, குங்குமமும் வைத்து, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார். தொழிற்சாலையின் புது டிசைனர் பிரசன்னா அதை அப்படியே ஸ்கேன் செய்து பெட்டியில் சேர்த்துவிட்டான்.

"மாமி தடவின மஞ்சள்னு உனக்குத் தெரியலையா?" என்றாள் சாரு.

"ஹவ் மேடம்" என்று இந்த ஊர்ப் பேச்சில் ஆமாம் போட்டான் பிரசன்னா. "தெரிஞ்சுது. ஃபைல்ல இல்ல, சைன் பண்ண ஷீட்ல இருந்தது. ஏன்னு கேக்கக்கூடாதுன்னு போர்டுல போட்டிருக்கே."

சாரு போர்டைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். அந்த நேரத்தில் சிரித்திருந்தால் எனக்கு வீட்டில் சோறு கிடைத்திருக்காது.

மாமிக்கு போன் போயிற்று. ஆட்டோவில் வந்து இறங்கியவர் பெட்டியைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"தப்பா அடிச்சிட்டாங்க மாமி. வேற அடிச்சுத் தந்துடறேன்" என்றாள் சாரு.

"நக்கோ நக்கோ, வேற வேண்டாம். இதுல கை வச்சுடாதே. இப்பத்தான் லட்சணமா இருக்கு." பெட்டியைத் திருப்பிப் பார்த்தபடியே மாமி சொன்னார். "உன்கிட்ட சொல்றதுக்கென்ன, நீ போட்டது கொஞ்சம் மொட்டையாத்தான் இருந்தது. உன் மூஞ்சியைப் பாத்தேன், சொல்ல மனசு வரலை."

சாருவின் முகம் செத்துப்போயிற்று. இத்தனை வருடத்தில் கிடைத்த ஒரே 'நன்னாருக்கு'வும் இரக்கப்பட்டுச் சொன்னதா? எனக்கு மாமி மேல் கோபம் கோபமாக வந்தது. மாமியோ, ரசப்பொடிப் பெட்டிக்கும் இதேபோல மஞ்சள் வேண்டும் என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டார்.

முடியாது என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு, வெள்ளைத் தாளில் விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜை முழுக்க மஞ்சள் தாள்கள்.

"அதான் மாமி தடவினதே இருக்கே" என்றேன்.

"அது ஏனோதானோன்னு தடவினதுங்க. ஓரம் பிசிறுது" என்றாள். சாயங்காலம் வரை தடவி, கடைசியில் ஒன்றை எடுத்து வைத்தாள்.

இந்த முறை மாதிரித் தாளை அவள் யாரிடமும் கொடுத்தனுப்பவில்லை. கையெழுத்துக்கு மாமியையே வீட்டுக்கு வரச்சொன்னாள். மாமி வந்து உட்கார்ந்ததும் கைப்பையைத் திறந்து மஞ்சள் டப்பாவை வெளியே எடுத்தார். சாரு அதை வாங்கி ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

"முதல்ல கையைக் கழுவிட்டு வாங்க மாமி" என்றாள். மாமி ஈரக் கையைப் புடவையில் துடைத்து முடித்த பிறகுதான் பேனாவைக் கொடுத்தாள்.