புறங்கையால் தொடு

ஊரை விட்டு வடக்கே வந்து முனிர்காவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தில், ஒவ்வொரு மாடியிலும் வாஷிங் மெஷின் பக்கத்தில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடக்கும். வந்த புதிதில், ஈரம் வழுக்காமல் இருக்கத்தான் என்று நினைத்தேன். மெஷின் கடிக்கும், தொட்டால் ஷாக் அடிக்கும், அதனால்தான் செருப்பு என்று இரண்டாம் மாடிப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜும் கடித்தது. ஏசி ஓடினால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. என் மனைவி எதையும் சமாளித்துவிடுகிறவள். எங்கள் மூன்று வயது மகளிடம், "எதையும் மொதல்ல பொறங்கையால தொட்டுப் பாருட்டி. கடிச்சா கை தானா விலகிரும்" என்று பழக்கிவிட்டாள். யோசனை தப்பில்லை, உள்ளங்கையால் பிடித்தால் விரல்கள் இறுகிக்கொண்டு விடாது. ஆனால் மகள் காலில் செருப்பு தங்காது. குளித்த ஈரத்தோடு ஓடிவந்து ஃபிரிட்ஜ் கதவைப் பிடித்துத் தொங்குகிறவள்.

"இது சமாளிக்கிற விஷயமாட்டி?" என்று கத்தினேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"கத்துனா கரண்டு நின்னுருமா? என்னன்னு பாருங்க" என்றாள் அவள்.

பார்த்தேன். மெயினை அணைத்து ஃபிரிட்ஜ் பிளக்பாயின்டைக் கழற்றினால், சுவரிலிருந்து வந்த வயர்கள் எல்லாம் சிவப்பு. கட்டியவர் ஒரே சுருளில் வேலையை முடித்திருக்கிறார். மறுபடி மெயினைப் போட்டு டெஸ்டரை வைத்தேன். ஒன்றில் எரிந்தது, மற்றதில் எரியவில்லை. எரியாதது நியூட்ரலா, எர்த்தா? டெஸ்டருக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டிலும் எரியாது. அப்போதுதான் உறைத்தது: துளை மூன்று, சுவரிலிருந்து வந்த வயரோ இரண்டே இரண்டு. ஃபிரிட்ஜ் ஓடுகிறது என்றால் அந்த இரண்டாவது நியூட்ரலாகத்தான் இருக்க வேண்டும். எர்த் துளைக்கு, அந்த நியூட்ரலிலிருந்தே விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வயரை இழுத்து முடிந்து வைத்திருந்தார்கள்.

நியூட்ரல், கரண்ட் தினமும் திரும்பிப் போகிற வழி. எர்த், ஆபத்துக்கு மட்டும் உள்ள வழி. இரண்டையும் ஒன்றாக முடிந்துவிட்டால், நியூட்ரல் எங்கேயாவது தளர்ந்தால் கொஞ்சமாகவும், அறுந்தால் முழுசாகவும், திரும்ப வழியில்லாத கரண்ட் நேராக ஃபிரிட்ஜின் உடம்புக்கு வந்துவிடும். மீட்டர் போர்டைத் திறந்து பார்த்தேன். எங்கள் நியூட்ரல் வயர் கருகி, தளர்ந்த ஸ்க்ரூவில் ஒட்டிக்கொண்டிருந்தது. மெயினை அணைத்தேன்.

கீழ்வீட்டில் இருக்கும் ஓனரிடம் போனேன். "அரே பையா, சப்பல் பெஹன் லோ," செருப்பைப் போட்டுக்கொள் என்றார். நான் விடவில்லை. "கோயி மரா க்யா?" யாராவது செத்தார்களா என்று கேட்டார். அதற்கப்புறம் நான் பேசிய இந்தி எழுதத் தகுந்ததல்ல. கடைசியில் அவருடைய தண்ணீர் மோட்டாருக்குப் புதைத்திருந்த எர்த்திலிருந்து, எங்கள் வீட்டுக்கு மட்டும் வெளிச்சுவரோடு ஒரு பச்சை வயர் ஏறியது. துண்டு வயர்களைப் பிடுங்கினோம், கருகிய நுனியை வெட்டி இறுக்கினோம். மற்ற மாடிகளில் செருப்புகள் அப்படியே கிடக்கின்றன. இரண்டாம் மாடிப் பெண்ணிடம் எடுத்துச் சொன்னேன், பழகிவிட்டது என்றாள்.

எங்கள் ஃபிரிட்ஜ் இப்போது கடிப்பதில்லை. மகளிடம், "இனிமே பயமில்லம்மா, நல்லா புடி" என்று சொல்லிப் பார்க்கிறோம். அவள் கேட்பதில்லை. பார்க் சறுக்குமரம், மெட்ரோ கம்பி, எல்லாவற்றையும் புறங்கையால் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் பிடிக்கிறாள்.

போன வாரம் இரண்டாம் மாடிக்காக ஓனரோடு மறுபடி சண்டை போட்டுவிட்டு, முகம் சிவந்து மேலே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். மகள் வழக்கம்போல மடியில் ஏற ஓடிவந்தாள். பக்கத்தில் வந்ததும் நின்றாள். புறங்கையை நீட்டி என் முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள்.

"கடிக்கல" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தாள்.