முப்பத்தெட்டு வயதும் நான்கு நாளும்

மார்ச் 4. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை: 6,200.
மார்ச் 19. கருக்குழாய்ப் பரிசோதனை: 4,850.
ஆகஸ்ட் 2. ஊசி, பதினொரு நாளுக்கு: 58,400.
ஆகஸ்ட் 14. கருமுட்டை எடுத்தது: 71,000.
ஆகஸ்ட் 19. கரு வைத்தது: 45,000.
செப்டம்பர் 2. ரத்தப் பரிசோதனை: 700. தங்கவில்லை.

இது என் தம்பி மகளின் கணக்கு. தம்பி இறந்தபின் ரசீதுகளை என்னிடம்தான் கொடுத்து வைப்பாள். அரசு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். பிரசவ வார்டு விரிப்புகள் பதினாறு வருஷமாக அவள் கைக்குத்தான் வருகின்றன. நீராவி பட்டு முழங்கை வரை தோல் சிவந்திருக்கும். குழந்தை இல்லையே என்று யாராவது உச்சுக்கொட்டினால், "நிம்மதியாத் தூங்கறேன், கண்ணு வைக்காதீங்க" என்று சிரிப்பாள்.

மாப்பிள்ளை வெல்டர். இருவரும் சேர்த்ததும் அவளுடைய வளையல்களும் மேலே உள்ள ஆறு வரியில் கரைந்தன. இன்னொரு முறைக்கு வழியில்லை.

மறு வருஷம் மே மாதம் அரசு அறிவிப்பு வந்தது. இரண்டு முறை சிகிச்சை இலவசம். பெண்ணுக்கு முப்பத்தெட்டு முடிந்திருக்கக் கூடாது. அவளுக்கு ஜூன் 21 அன்று முடிகிறது.

சலவைக்கூடத்தில் இதைச் சொன்னதும், துணி மடிக்கிறவள் பொரிந்து தள்ளினாளாம். "என் தம்பிக்கு வாரம் ரெண்டு தடவை ரத்தம் சுத்தம் பண்ணணும். மெஷின் பத்தலைன்னு ஒரு தடவைதான் பண்றாங்க. இருக்கிற உசுருக்கே வழியக் காணோம், வராத உசுருக்கு இலவசமா?"

"நீ என்னம்மா சொன்னே?"

"என்னத்தச் சொல்ல, பெரியப்பா? அவ கேக்கிறது நியாயம்தான். ஆனா எனக்கும் வேணுமே."

கால் உடைந்தால் கட்டுப் போடும் ஆஸ்பத்திரி, குழாய் அடைத்தால் மட்டும் அது உன் சொந்த ஆசை என்று கைகழுவுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மெஷினும் வாங்க வேண்டும், இதையும் செய்ய வேண்டும். இரண்டு பெண்களை ஒரே மேஜையில் மோதவிடுவது யாருக்கும் பெருமையில்லை.

விண்ணப்பத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நகராட்சியில் முப்பத்தாறு வருஷம் பிறப்புப் பதிவேடு எழுதியவன் நான். இணைப்புகள் ஏழு. ஜூன் 3 அன்று அவளிடம் கையெழுத்து வாங்கினேன். மாப்பிள்ளையின் சம்பளச் சான்று மட்டும் பாக்கி. பட்டறை முதலாளி ஊரில் இல்லை.

"இருக்கிறதக் கொடுத்துடலாமா, பெரியப்பா?"

"குறையோட கொடுத்தாத் திருப்பி விடுவாங்கம்மா. நானே எத்தனை பேரைத் திருப்பியிருக்கேன்."

"மாமா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்," என்றார் மாப்பிள்ளை. "எங்க முதலாளி திரும்பி வர்றதுக்குள்ள எனக்குப் பல்லு கொட்டாம இருந்தாச் சரி."

ஜூன் 21 தாண்டியது எனக்குத் தெரியாமல் இல்லை. எங்கள் அலுவலகத்தில் படிவத்திலுள்ள கையெழுத்துத் தேதிதான் கணக்கு. இதிலும் அப்படித்தான் என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். ஒரு நடை போய்க் கேட்கத் தோன்றவில்லை.

முதலாளி 24 அன்று வந்தார். 25 காலை நானும் அவளும் விண்ணப்பத்தைக் கொடுக்கப் போனோம். ஜன்னலில் இருந்த பெண் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள்.

"எல்லாம் பக்காவா இருக்கு, சார். ஆனா நாங்க முத்திரை குத்துற தேதிதான் கணக்கு. நாலு நாள் தாண்டிடுச்சே."

"கையெழுத்து மூணாம் தேதி போட்டதும்மா."

"அன்னைக்கே கொண்டாந்திருந்தா வாங்கியிருப்போம். விட்டுப்போன பேப்பரக் கொடுக்க மூணு மாசம் டைம் உண்டு. போர்டுல போட்டிருக்கே."

போர்டில் போட்டிருந்தது.

வெளியே வந்ததும் அவள் என்னைத் திட்டியிருக்கலாம். விண்ணப்பக் கோப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "படி இருக்கு, பாத்து இறங்குங்க," என்றாள். மதிய ஷிப்டுக்கு வேலைக்கும் போனாள்.

மேல்முறையீடு நான்கு பக்கம் எழுதினேன். தவறு என்னுடையது, அதற்கு அவளைத் தண்டிக்க வேண்டாம் என்று கேட்டிருந்தேன். ஜூலை முழுவதும் தினமும் சாயங்காலம் போன் செய்து, "வந்துதா?" என்பாள். ஆகஸ்டில் அது வாரம் ஒருமுறை ஆனது. செப்டம்பரில் கேட்பதை விட்டுவிட்டாள். வீட்டுக்கு வருவதும் நின்றது.

"கோவம் இல்ல, மாமா," என்றார் மாப்பிள்ளை. "கோவப்பட்டாக் கூடப் பரவாயில்ல. சுவரப் பாத்து உக்காந்திருக்கா. சோறு வச்சா எழுந்து போயிடறா."

வயது வரம்பைத் தளர்த்த விதியில் இடமில்லை, இந்த முடிவே இறுதியானது என்ற கடிதம் அக்டோபர் 17 அன்று வந்தது.