உறையை மறவாமல் சூட்டுப் பெட்டியில் வைக்கவும்

செவ்வாய் கிரகத்தை ஒரு தடவை நான் அசுத்தப்படுத்தியிருக்கிறேன். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வைத்து, ஒரு கிண்ணம் பாலால்.

அந்தக் கிரகம் எங்கள் தெருவுக்கு மேலே, ஒரு பழைய பங்களாவின் பின்தோட்டத்தில் வந்து இறங்கியது. வெள்ளைக் கூடாரம், உள்ளே இரண்டு தடுப்பு, ஓரமாக மரச்சட்டம் அடித்து அதில் கொட்டிய செம்மண். அந்தச் செம்மண்தான் செவ்வாய். வத்தலக்குண்டிலிருந்து லாரியில் ஏற்றி வந்து, ஒரு பொட்டு உயிர்கூட மிச்சமில்லாமல் சுட்டுப் பரப்பியிருந்தார்கள். கொடைக்கானலுக்கு வருகிறவர்கள் ஏரியைச் சுற்றுவார்கள், சாக்லேட் வாங்குவார்கள், போய்விடுவார்கள். இந்த ஆறு பேர் இரண்டு வாரம் மழையில் உட்கார்ந்து, செவ்வாய்க்குப் போவதற்கு ஒத்திகையாக, செத்த மண்ணைக் கரண்டியால் அள்ளிப் பழகினார்கள். பங்களாக்காரர் சொல்லி அவர்களுக்குச் சமைக்கப் போனவள் நான்.

எதற்கு இந்தச் சோலி என்று முதல் நாளே கேட்டேன். ஆறு பேருக்கும் தலைவரான பெரிய விஞ்ஞானி நின்ற இடத்திலேயே விளக்கத் தொடங்கினார். சாம்பார் இரண்டு தடவை பொங்கி வழிந்தது, அவர் முடிக்கவில்லை. அவருக்குத் தொண்டை வறண்டது என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் போன பிறகு அந்தக் குழுவிலிருந்த கன்னிவாடிப் பெண் இரண்டே வரியில் சொன்னாள்.

"அங்க உயிரு இருக்கான்னு தேடித்தான்க்கா போறோம். நம்ம கிருமி அங்க விழுந்துருச்சுன்னா, நம்ம எச்சிலையே பாத்துட்டு உயிரக் கண்டுபிடிச்சிட்டோம்னு கூத்தாடிட்டு வருவோம்."

எச்சில் என்றதும் புரிந்துவிட்டது. அண்ணாந்து தண்ணீர் குடிக்கத் தெரிந்த யாருக்கும் புரியும். இதற்குப் போய் ஒரு கட்டுத் தாள் அச்சடித்திருந்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கும் தலைவருக்கும் ஒரு வழக்கு இருந்தது. மெஷினை அனுப்பினால் சுட்டுச் சுத்தம் செய்து அனுப்பலாம், மனுஷனைச் சுட முடியாது, ஆகவே ஆள் போனால் அந்தக் கிரகம் நாசம்தான் என்பது அவர் கட்சி. முறையாக உடுத்தி முறையாக நடந்தால் ஆளாலும் சுத்தமாக மண் எடுத்து வர முடியும் என்பது இவள் கட்சி. வருஷக்கணக்காக இதையே பிடித்துக்கொண்டு தொங்கினாள். இந்தத் தடவை அவள் அள்ளும் மண்ணில் எதுவும் முளைக்காவிட்டால் அடுத்த சோதனைக்கு அவள்தான் பொறுப்பு. முளைத்தால் குழுவில் அவளுக்கு இடமில்லை. தலைவர் இதை என் எதிரிலேயே, நான் சுட்ட தோசையை மென்றுகொண்டே சொன்னார். சொல்லும்போது தாடியைச் சொறிந்தார். அதிலிருந்து உதிர்ந்ததெல்லாம் விஞ்ஞானம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாளைக்கு ஏதாவது முளைத்தால் யாருடைய கிருமி என்று தெரியவேண்டாமா? அதற்காக ஆறு பேருடைய உள்ளங்கையிலும் மூக்கிலும் பஞ்சுக்குச்சியால் தேய்த்து, பட்டியல் போட்டு வைத்துக்கொண்டார்கள். நான் காபித் தட்டோடு பக்கத்தில்தான் நின்றேன். மூன்று வேளையும் அவர்கள் தட்டில் விழுகிற என் கையை யாரும் கேட்கவில்லை. பட்டியலில் விட்டுப்போவது எங்களுக்குப் புதிதா என்ன? என் அப்பா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். அந்த நாட்டுக் குடிமக்கள் பட்டியலிலும் இல்லை, இந்த நாட்டுப் பட்டியலில் ஏறுவதற்குள் தலை நரைத்துவிட்டது.

பிறகு தலைவருக்குத் தமிழ்ப்பற்று பொங்கியது. உள்ளூர் ஆளுக்கும் புரியட்டும் என்று விதிகளைத் தமிழில் எழுதிக் கூடார வாசலில் ஒட்டினார். க்ளவுஸ் என்று எழுதினால் எங்கள் ஊரில் சோளம் சுட்டு விற்கிறவருக்குக்கூடப் புரியும். அவர் கையுறை என்று எழுதினார். நாலாவது வரிக்குள் கை வலித்துவிட்டதோ என்னவோ, வெறும் உறை என்று சுருக்கிவிட்டார். மண் அள்ளியவர் கழற்றிய க்ளவுஸில் ஏதாவது முளைக்கிறதா என்று பார்ப்பதற்காக அவர் எழுதிய வரி இது: 'மாலையில் உறையை மறவாமல் சூட்டுப் பெட்டியில் வைக்கவும்.'

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கொடைக்கானல் குளிரில் தயிர் தோய்வது லேசுப்பட்ட காரியமில்லை. உறை ஊற்றி, கம்பளி சுற்றி, அடுப்போரம் வைத்தாலும் விடிந்து பார்த்தால் பால் பாலாகவே முழித்துக்கொண்டிருக்கும். பரவாயில்லையே, இவ்வளவு படித்தவருக்கும் உறை மோரின் அருமை தெரிந்திருக்கிறதே என்று மெச்சிக்கொண்டு, அன்று மாலையே கிண்ணத்தைப் பெட்டிக்குள் வைத்தேன். அள்ளிய மண்ணில் கிருமி முளைக்கிறதா என்று இளஞ்சூட்டில் வைத்துப் பார்க்கிற பெட்டி அது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உள்ளே அந்த மண்ணைத் தூவிய சின்னச் சின்னக் கண்ணாடித் தட்டுகள் மூடிபோட்டு இருந்தன. மூடியெல்லாம் வேர்த்திருந்தது. பாவம் என்று ஒவ்வொன்றாகத் திறந்து முந்தானையால் துடைத்து மூடினேன். எடுத்த காரியத்தை அரைகுறையாக விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

மறுநாள் விடியுமுன் எடுத்துப் பார்த்தால் தயிர் கத்தியால் வெட்டலாம்போல இருந்தது. தலைவர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

அதற்கடுத்த நாள் அந்தக் கண்ணாடித் தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் முளைத்தன. பட்டியலோடு ஒப்பிட்டார்கள். ஆறு பேரில் யாருடையதும் இல்லை. யாருடையதும் இல்லையென்றால் மண்ணுடையதுதான், மண்ணைச் சுட்டவள் அந்தப் பெண், ஆகவே குற்றம் அவளுடையது என்று தலைவர் தீர்ப்பெழுதிவிட்டார். அவர்கள் கணக்கில் கூடாரத்தில் ஏழாவது ஆள் கிடையாது.

அவள் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். சோறு வேண்டாம் என்றாள்.

"நல்லாத்தான்க்கா சுட்டேன். எந்தத் தப்பும் பண்ணல. அந்தச் சூட்டுப் பெட்டியக்கூட என்னத் தவிர யாரும் தொறக்கல."

திறந்தவள் நான். உடனே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பங்களாக்காரர் வருஷம் முழுக்க வேலை கொடுக்கிறவர், அது போய்விடுமே என்ற பயம். அதைவிட வெட்கம். தலைவரை மனசுக்குள் அவ்வளவு கிண்டல் செய்தேனே, அந்த வாய் அன்றைக்கு முழுக்க ஊமையாகக் கிடந்தது. மறுநாள் காலை அவள் துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். மத்தியான பஸ்ஸில் வத்தலக்குண்டு இறங்கி, அங்கிருந்து வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். சாப்பாட்டு மேஜையில் தலைவர், "தயிர் இல்லையாம்மா?" என்று கேட்டார்.

தயிர்க் கிண்ணத்தையும் வாசலில் ஒட்டியிருந்த தாளையும் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"நீங்க எழுதினபடிதாங்க செஞ்சேன். உறைய உங்க பெட்டியிலதான் வச்சேன். அந்தத் தட்டையெல்லாம் தொறந்து தொடச்சதும் நான்தாங்க."

அவர் தாளைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். உறை என்றால் தயிர் என்று யாராவது நினைப்பார்களா என்று கேட்டார்.

"பால் காச்சுறவங்க எல்லாரும் நெனப்பாங்கங்க."

அதற்குள் அந்தப் பெண் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் ஒரு பஞ்சுக்குச்சியைப் பிரித்து எடுத்தாள்.

"கைய நீட்டுங்கக்கா."

இரண்டு கையையும் நீட்டினேன். விரல் விரலாகத் தேய்த்தாள். பிறகு கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டுத் தயிர். அன்றைக்கு அவள் பஸ்ஸைப் பிடிக்கவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு நாள் ஆனது. தட்டில் முளைத்ததில் பாதி என் தயிர், பாதி என் கை. மண்ணில் பிழை இல்லை. அவளுடைய கிருமி ஒன்றுகூட இல்லை. தலைவர் மறுபடியும் மறுபடியும் தேடினார், அவருக்கும் கிடைக்கவில்லை. அடுத்த சோதனையை அவளிடம் கொடுத்தார். கொடுக்கும்போது முகம் புளித்த மோர் குடித்த மாதிரி இருந்தது, அதையும் நான்தான் ஊற்றிக் கொடுத்தேன்.

போகிற அன்று அவள் திருத்திய பட்டியலைக் காட்டினாள். ஆறு பேருக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. என் பெயரை எழுதி, பக்கத்தில் சமையல் என்று போட்டிருந்தாள். பன்னிரண்டு நாள் சோறு போட்டபோது நான் ஆளாகவில்லை. ஒரு கிரகத்தைக் கெடுத்த பிறகுதான் எண்ணினார்கள்.